சரியான முகவரி

மார்ச் 2

அக்கா,

நான் போன் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் புலம்பினாயாம். எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்துவேன், இல்லை அழுவேன். ஆறாம் மாதத்தில் இரண்டும் ஆகாது. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது, எழுத்துப் பிழை பார்க்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு படி.

பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை. டிரைவிங் ஸ்கூலுக்கு விடுமுறை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி ஒரு அம்மாள் நின்றாள். தோளில் பை, தேய்ந்த ஷூ. "சுகாதார மையத்துலேருந்து வரேன்மா. நர்ஸ். உங்ககிட்ட தனியாப் பேசணும், உள்ள வரலாமா?" என்றாள். உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், மெதுவாகச் சொன்னாள். எனக்கு ஒரு தொற்று வந்திருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும், இன்றைக்கே பார்க்க வேண்டும். யாரிடமிருந்து என்று கேட்டேன். "அதை நான் சொல்லக் கூடாதும்மா" என்றாள். சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எனக்கு இருப்பது ஒரே ஒரு புருஷன்.

சிபிலிஸ். முதல் செக்கப்பில் என் ரத்தம் சுத்தமாக இருந்தது, உனக்கே தெரியும். அதற்குப் பிறகு வந்தது. வாரம் ஒரு முறை, மூன்று வாரம் ஊசி. இடுப்பில் போட்டார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி கிளட்ச், பிரேக் சொல்லிக் கொடுத்தேன். 'இதுதான் சரியான முறை போல' என்று ஒரு பெண் என்னைப் பார்த்து அவளும் சாய்ந்துகொண்டு ஓட்டினாள். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நர்ஸ் வந்த அன்று சாயங்காலமே அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். லிப்ட் மாட்டுகிற வேலைக்கு வெளியூர் போனபோது நடந்ததாம். ஜனவரி ஆரம்பத்தில் உள்ளங்கையில் தடிப்பு வந்து, தானே மையத்துக்குப் போய் வைத்தியம் செய்துகொண்டார். "வீட்ல சொல்லி நானே கூட்டிட்டு வரேன்" என்று அங்கே சொல்லியிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. அடையாள அட்டையில் இருந்த பழைய வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறார். "அவங்க கேக்கல, நானும் சொல்லல" என்கிறார்.

அப்படியென்றால் அந்த நர்ஸ் புது வீட்டுக்கு எப்படி வந்தாள்?

மூன்று மாடி ஏற முடியாமல் டிசம்பர் கடைசியில்தான் இங்கே வந்தோம். முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டது நீ ஒருத்திதான், பிள்ளைக்கு ஸ்வெட்டர் அனுப்ப வேண்டும் என்று. நர்ஸ் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தேன். 'மாடிப்படிக்குப் பின்னால், பச்சைக் கதவு' என்று அச்சாகியிருந்தது. அது நான் உன்னிடம் சொன்ன வார்த்தை. தாளின் தலைப்பில் தேதி ஜனவரி இருபது.

இருபது நாள், அக்கா. நடுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணி நேரம் பேசினோம். குழந்தை உதைக்கிறது என்று சொன்னேன், "எந்தப் பக்கம்?" என்று கேட்டாய்.

உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? அதை மட்டும் சொல்.

உன் தங்கை
(இப்போதைக்கு)


மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

இதற்கு முன் நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன் கேள்விக்கு நான் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கோபத்தில் இதைக் கசக்கிப் போடாமல் கடைசி வரை படி.

என் வேலையை நீ எல்லோரிடமும் "கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுவா" என்று சொல்வாய். உண்மைதான். மாவட்டத்திலுள்ள முப்பத்திரண்டு மையங்களிலிருந்து பால்வினை நோய்ப் பதிவுகள் எங்களுக்கு வருகின்றன. ஒரே ஆள் இரண்டு மையத்துக்குப் போயிருந்தால் இரண்டு நோயாளியாகக் கணக்கில் வந்துவிடும். அதை ஒன்றாக்க வேண்டும். யாருக்கு மருந்து பாதியில் நின்றது, யாருடைய துணையை இன்னும் சந்திக்கவில்லை என்று பார்க்க வேண்டும். எந்தத் தெருப் பக்கம் எண்ணிக்கை ஏறுகிறது என்று டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற எல்லோருக்கும் அது வெறும் எண். பெயரோடு பார்க்கிறவர்கள் இந்தக் கட்டடத்தில் மூன்றே பேர். நான் ஒருத்தி. பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருவருடைய பெயர் அதில் இல்லை என்று சொல்வதும் சொல்வதுதான். ஒருத்தியிடம் "இல்லை" என்றுவிட்டு அடுத்தவளிடம் வாயை மூடிக்கொண்டால் அவளுக்குப் புரிந்துவிடாதா?

ஒன்று மட்டும் சொல்லலாம். இது எல்லோருக்கும் சொல்வது. ஒருவரைப் பற்றிய பதிவை அவரே கேட்டு வாங்கலாம். மையத்தில் அதற்குப் படிவம் இருக்கிறது. யார் திறந்தார்கள், எப்போது, என்ன மாற்றினார்கள் என்பதும் அதோடு வரும்.

அம்மா நேற்று, "என்னடி, அக்காளுக்கும் தங்கைக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறா? எங்கிட்ட சொன்னா தீர்த்து வெக்கிறேன்" என்றாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை.

கால் வீக்கம் இருக்கிறதா? உப்பைக் குறைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

படிவமா? வயிற்றுப் பிள்ளையோடு நின்று நான் கேட்கிறேன், நீ படிவம் இருக்கிறது என்கிறாய். உப்பைக் குறைக்கச் சொல்கிறாய். நீ எனக்கு அக்காவா, அலுவலகமா?

நான் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன். ஓட்டுகிறவள் எதிரே வரும் லாரியைப் பார்க்காவிட்டால் நான் என் பக்கத்து பிரேக்கை அழுத்துவேன். பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டேன். உன் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. "நாளைக்கே போய் ரத்தம் குடு, காரணம் கேக்காதே" என்று ஒரு வாக்கியம். அதற்கு மேல் நீ எதுவும் சொல்லியிருக்க வேண்டாம். நான் போயிருப்பேன். சின்ன வயதிலிருந்து நீ சொன்ன எதை நான் செய்யாமல் இருந்தேன்?

அவர் முன்னறையில் படுக்கிறார். சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், கெட்டுப்போகாத மின்விசிறியைக் கழற்றி மாட்டுகிறார். என்னிடம் பேசப் பயப்படுகிறார். நான் "உப்பு", "கதவு", "போன் அடிக்குது" என்று ஒற்றை வார்த்தையில் பேசுகிறேன். அவரை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அவர் மீது வருகிற கோபம் எனக்குப் புரிகிறது. பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்தார், கோழை. நீ கோழை இல்லையே. நீ ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதில் எழுதுவதென்றால் மனுஷியாக எழுது.


மார்ச் 28

அன்புள்ள தங்கைக்கு,

மனுஷியாக எழுதப் பார்க்கிறேன்.

எனக்கு முதல் வேலை துறைமுகத்து ஊரில் என்பது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது எட்டாம் வகுப்பு. ஒன்றரை வருடத்தில் அதை விட்டுவிட்டு வந்து நின்றேன். "கடற்காத்து ஒத்துக்கல" என்று வீட்டில் சொன்னேன். அது பொய்.

அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. பெரிய பேரேடு. மையத்துக்கு வருகிறவர்களின் பெயரை நான்தான் எழுதுவேன். என் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு பெண் இருந்தாள், தையல்காரி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு நாள் காலையில் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் மையத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் பெயரையும் நான்தான் எழுதினேன். சாயங்காலம் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திச் சொல்லிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். "என் அம்மாகிட்ட மட்டும்" என்றாள்.

நான்கு நாளில் தெரு முழுக்கத் தெரிந்தது. கல்யாணம் நின்றது. அவன் ஊரை விட்டே போனான், பாதி வைத்தியத்தோடு. அதோடு முடிந்திருந்தால் கூட நான் என்னை மன்னித்திருப்பேன். அந்த மையத்தில் பெயர் எழுதினால் வெளியே போய்விடும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. நாளுக்கு இருபது பேர் வந்த இடத்தில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு அந்த இரண்டு பேரும் இல்லை. அந்தக் காலாண்டு அறிக்கையில் புது நோயாளி பூஜ்யம். மேலதிகாரி மேசையைத் தட்டி, "நோய் ஒழிஞ்சிடுச்சு பாத்தீங்களா!" என்று எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

அடுத்த வருடம் பிரசவ வார்டில் இருந்து பதிவுகள் வர ஆரம்பித்தன. அவற்றையும் நான்தான் எழுதினேன். எத்தனை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், இந்த நேரத்தில் நீ கேட்கவும் கூடாது. அந்தத் தாய்மார்களில் யாருமே மையத்துக்கு வந்திருக்கவில்லை. பயந்துபோய் வரவில்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் சொல்லாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி என்று நீ நினைக்கிறாய். நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தவள்.

இதனால் உன் கோபம் குறைய வேண்டும் என்று எழுதவில்லை.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் எதுவும் எழுத வரவில்லை. தினம் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன்.

பிறகு மையத்துக்குப் போய் அந்தப் படிவத்தை நிரப்பினேன். ஜன்னலில் இருந்த ஆள், "எதுக்கும்மா?" என்றான். "என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். பன்னிரண்டு நாள் கழித்துக் கவரில் வைத்துக் கொடுத்தார்கள். மூன்று தாள். ஒரு பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். யார் என்று தெரிந்தவளிடமே மறைக்கிறார்கள்! சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

நான் படித்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஜனவரி 8, பழைய முகவரி, பூட்டியிருந்தது. ஜனவரி 13, பூட்டியிருந்தது. ஜனவரி 17, பூட்டியிருந்தது. 'மூன்று முறை சென்றும் ஆள் இல்லை. முடிக்கப்பட்டது.'

முடிக்கப்பட்டது. நானும் என் வயிற்றில் இருப்பதும்.

அடுத்த வரி ஜனவரி 20, காலை 10.40. திறந்தவர்: தரவு மேலாளர். 10.46: 'இவர் என் உடன்பிறந்தவர். இந்தப் பதிவை நான் கையாளக் கூடாது. மேலதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். ஐந்தாம் மாதம், அவசரம். முடித்தது தவறு. சரியான முகவரி கீழே.' 10.47: தரவு மேலாளருக்கு இந்தப் பதிவைப் பார்க்கும் அனுமதி நீக்கப்பட்டது, அவருடைய வேண்டுகோளின்படி.

அதற்குப் பிறகு உன் பெயரே இல்லை. ஜனவரி 30, புது வீடு, பூட்டியிருந்தது. பிப்ரவரி 4, பூட்டியிருந்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் நான் வண்டியில் இருப்பேன், பூட்டாமல் என்ன செய்யும்? மூன்றாம் முறை அந்த நர்ஸ் விடுமுறை நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கிலோ இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்படியென்றால் அந்த இருபது நாளும் உனக்கும் ஒன்றும் தெரியாது. ஆள் வந்தார்களா, எனக்கு நோய் இருக்கிறதா, எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "மறுபடி ஒரு தடவை ரத்தம் பாத்துக்கோயேன், எல்லா கர்ப்பிணிக்கும் சொல்றதுதான்" என்று நீ நச்சரித்தது இப்போது ஞாபகம் வருகிறது. "உனக்கு வேற பேச்சே கிடையாதா" என்று நான்தான் பேச்சை மாற்றினேன்.

கோபம் முழுசாகப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். அந்த நாட்களில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? அதைச் சொல்.


ஏப்ரல் 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதிவை நீயே வாங்கிவிட்டதால் உன்னைப் பற்றி உன்னிடம் பேசலாம். மாப்பிள்ளையைப் பற்றி இப்போதும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவருடைய கதையை அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அது போதும்.

முடிக்கப்பட்ட பதிவுகளை மாதம் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்று முந்நூற்றுப் பத்து இருந்தன. உன் பெயர் வந்தபோது வேறு யாரோ என்றே நினைத்தேன். பழைய வீட்டின் கதவு எண்ணைப் பார்த்த பிறகுதான் நீ என்று புரிந்தது. ஆறு நிமிடம் என்று தாளில் இருக்கிறதே, அந்த ஆறு நிமிடமும் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நான் சொன்னால் என்ன நடக்கும்? எப்படித் தெரியும் என்று கேட்பாய். மாப்பிள்ளையிடம் கேட்பாய். மையத்தில் தன் பெயரைக் கொடுத்து வந்தவர், அது இரண்டே வாரத்தில் மனைவியின் அக்காவிடம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். அவரோடு லிப்ட் மாட்டுகிறவர்களில் அடுத்து ஒருவருக்குத் தடிப்பு வந்தால், போகாதே என்பார். மறுபடி துறைமுகத்து ஊர்.

போனை வைத்தேன். மேலதிகாரியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். மறுநாள் முதல் அவரிடம், "போனாங்களா சார்?" என்று கேட்பேன். "நீங்க கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது. போய் வேலையைப் பாருங்க" என்பார். நான்காவது முறை கேட்டபோது திட்டிவிட்டார். பிறகு அவரே என் மேசைக்கு வந்து, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை. பொறுக்க முடியவில்லை. உன் ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டேன். உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைப்பது, வேலை போனால் போகட்டும் என்று. பாதி வழியில் வண்டி நின்ற இடத்தில் இறங்கிவிட்டேன். அங்கே ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம். பிறகு எதிர்ப்பக்க வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ஞாயிறு, உன்னோடு பேசினேன். நீ அன்று மாங்காய் கேட்டாய் என்று மாப்பிள்ளை நான்கு கடை ஏறி இறங்கியதைச் சொல்லிச் சிரித்தாய்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமையும் உன் வீடு பூட்டியிருந்தால், பதிவு மறுபடி தானாக முடிந்திருக்கும். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் விதி, கையெழுத்து என்று ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் இருந்திருக்காது.

இன்னொன்று. அன்று உன் பதிவைக் கொடுத்துவிட்டு மீதியை மறுபடி பார்த்தேன், இந்த முறை கர்ப்பிணிகளை மட்டும். பழைய முகவரி, பூட்டிய வீடு, முடிக்கப்பட்டது. உன்னைத் தவிர இன்னும் பதினொரு பேர்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

பெண் குழந்தை. ஆறாம் தேதி காலையில். இரண்டே முக்கால் கிலோ. அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள், இருந்தாலும் நானும் எழுதுகிறேன். தலை நிறைய முடி, குரல் என்னுடையது என்று பிரசவ வார்டே சொல்கிறது.

பிறந்த அன்றே குழந்தையின் ரத்தம் எடுத்தார்கள். நோயை எதிர்க்க என் உடம்பு உண்டாக்கிய பொருள் என் ரத்தத்தில் இருக்கிற அளவுக்குக் கீழேதான் அவளுக்கும் இருக்கிறதாம், அது என்னிடமிருந்து வந்த மிச்சமாக இருக்கலாமாம். "ஊசி நேரத்துக்குப் போட்டதால பயம் ரொம்பக் குறைவு. ஆனா மூணு மாசத்துல மறுபடி பாக்கணும்" என்றார் டாக்டர். ரொம்பக் குறைவு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "தூங்குங்கம்மா" என்றார்.

அவர் குழந்தையைத் தொடவில்லை. தொட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டே இருந்தார். இரண்டாம் நாள் நானே தூக்கி அவர் கையில் வைத்தேன். ஒற்றை வார்த்தைக்கு மேல் அன்றுதான் பேசினேன்: "ஒழுங்காப் புடிங்க, கழுத்து நிக்காது." அவர் அழுதது வார்டுக்கே கேட்டது. பக்கத்துக் கட்டில்காரி, பெண் குழந்தை என்று அழுகிறாரோ என்று அவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. முன்னறையிலிருந்து உள்ளே வந்து படுக்கிறார், அவ்வளவுதான்.

குழந்தையின் முடிவை எல்லாம் நீ அங்கிருந்தே பார்த்திருப்பாய். எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அந்த எண்ணம் வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

அந்தப் பதினொரு பேர் என்ன ஆனார்கள்?


ஜூன் 24

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தையின் பதிவை நான் பார்க்கவில்லை. பிரசவத் தேதி நெருங்கும்போதே, உன் பெயரில் எந்தப் பதிவு வந்தாலும் என் திரைக்கு வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டே முக்கால் கிலோ என்பதே உன் கடிதத்தில்தான் படித்தேன். அம்மா "குண்டாக் கொழுகொழுன்னு இருக்காம்" என்றாள், அவ்வளவுதான். அவள் ஆரோக்கியம் பற்றி நீ எழுதினால் எனக்குத் தெரியும். எழுதாவிட்டால் தெரியாது. எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பதினொரு பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்தார்கள். எட்டுப் பேருக்கு நேரத்தில் ரத்தம் பார்த்தாகிவிட்டது. ஒருத்தியைப் பார்த்தபோது தாமதமாகிவிட்டது. இரண்டு பேர் இன்னும் கிடைக்கவில்லை, நர்ஸ்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரின் கோப்புகள் என் மேசையில் திறந்தே இருக்கின்றன.

'மூன்று முறை பூட்டியிருந்தால் முடிக்கலாம்' என்ற விதியைக் கணினியில் போட்டது யார் என்று நீ கேட்கவில்லை. நான்தான். ஆறு வருடத்துக்கு முன், பட்டியல் நீண்டுகொண்டே போகிறது என்று மேலிடம் சத்தம் போட்டபோது போட்டேன். நல்ல வேலை என்று பாராட்டுக் கூடக் கிடைத்தது. உன் பெயர் அதில் மாட்டாதிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இதை உன்னிடம் சொல்ல மூன்று கடிதமாகத் தள்ளிப்போட்டேன். இந்த மாதம் முதல் கர்ப்பிணியின் பதிவைக் கணினி தானாக முடிக்காது. ஒரு ஆள் பார்த்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டால்தான் முடியும். வேலை இரட்டிப்பாகிவிட்டது என்று எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள்.

அம்மாவை வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். உனக்கு ஒத்தாசையாக இருப்பாள். நான் வரவில்லை. நீ கூப்பிடவில்லை என்று குறை சொல்லவில்லை.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

முதலில் முக்கியமானது. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை முடிவு இன்று காலையில் வந்தது. ஒன்றும் இல்லை. மிச்சம் மீதி கூட இல்லை, சுத்தம். ஆறாம் மாதத்தில் வழக்கப்படி இன்னொரு முறை பார்ப்பார்களாம், ஆனால் இந்தத் தடவை டாக்டர் என்னைத் தூங்கச் சொல்லவில்லை. அவரும் சிரித்தார்.

குழந்தையை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். நான் வண்டி ஓட்டினேன். அங்கே நாற்காலி வரிசையில் தலையைக் குனிந்தபடி நான்கைந்து ஆண்கள். இவர் குழந்தையோடு நடுவில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு இளைஞன் வாசலைப் பார்ப்பதும் எழுவதும் உட்காருவதுமாக இருந்தான். இவர் மெதுவாக, "இருப்பா, போயிடாதே. இங்க பேர் வெளிய போகாது. எனக்குத் தெரியும்" என்றார். அவன் உட்கார்ந்தான். எனக்குக் கேட்டது, கேட்காதது போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டில் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். இன்றைக்கு அவ்வளவுதான்.

மூன்று கடிதமாகத் தள்ளிப்போட்டாயே, அந்த விதி விஷயம். படித்த அன்று கோபம் வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன்: நீ சொல்லாவிட்டால் அது எனக்கு எந்த ஜென்மத்திலும் தெரிந்திருக்காது. எந்தத் தாளிலும் அது இல்லை. ஆனாலும் எழுதினாய். அந்த இரண்டு பேர் கிடைத்தார்களா? கிடைத்தால் சொல். பெயர் வேண்டாம், கிடைத்தார்கள் என்று மட்டும்.

குழந்தை பாலுக்கு அழுகிறாள். சீக்கிரம் முடிக்கிறேன்.

முடிவை வாங்கும்போது ஜன்னலில் புதுப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். 'பெற்றோரைத் தவிர, குழந்தையின் உடல்நிலை பற்றி வேறு யாருக்குத் தெரிவிக்கலாம்?' என்று அதில் ஒரு வரி. யாருக்கும் வேண்டாம் என்றால் கோடு போடலாம் என்றான் அந்த ஆள். நான் உன் பெயரை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் 'பெரியம்மா' என்று எழுதினேன்.

சனிக்கிழமை வா. பாதி வழியில் இறங்கிவிடாதே.

உன் தங்கை